டிமென்ஷியாவைப் பேயாகக் காட்டும் படங்கள்: வீட்டில் நோயாளி இருப்பவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கிங்சர்க்கிள்வாசி | இரவு 10.15

இந்தக் குழுவில் பேய்ப்படம் ஒன்றைக்கூட விடாமல் பார்ப்பவர்கள் இருக்கிறீர்கள். வீட்டில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்பவர்களும் இருக்கிறீர்கள். இரண்டு தரப்பிடமும் ஒரு விஷயம் கேட்க வேண்டும். கதை முடிவுகளைச் சொல்லித்தான் பேசப் போகிறேன், பார்க்காதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள்.

டிமென்ஷியா என்ற மறதி நோயை மையமாக வைத்த திகில் படங்களில் அதிகம் பேசப்படுபவை இரண்டு. ஆடம் ராபிடெல் இயக்கி 2014இல் வந்த 'தி டேக்கிங் ஆஃப் டெபோரா லோகன்', நடாலி எரிகா ஜேம்ஸ் இயக்கி 2020இல் வந்த ஆஸ்திரேலியப் படம் 'ரெலிக்'. இரண்டிலும் ஒரு வயதான அம்மா, அவளைப் பார்த்துக்கொள்ளும் மகள், ஒரு பழைய வீடு. ஆனால் போய்ச் சேரும் இடம் வேறு.

டெபோரா லோகனில் டிமென்ஷியாவின் ஒரு வகையான அல்சைமர் பற்றி ஆவணப்படம் எடுக்க ஒரு மருத்துவ மாணவி கேமராவோடு வருகிறாள். வீடு கடனில் போய்விடும் நிலை. படமெடுக்க விட்டால் பணம் வரும் என்பதால் மகள் அம்மாவைச் சம்மதிக்க வைக்கிறாள். தொடக்கம் அவ்வளவு உண்மையாக இருக்கிறது. ஜில் லார்சன் தன் மானத்தை விட்டுக்கொடுக்காமல் உடை உடுத்தி, கேமரா முன் சிரித்து, அடுத்த கணம் பொருளைத் திருடிவிட்டாய் என்று படக்குழுவின் மேல் பாய்கிறார். அப்புறம் என்ன ஆகிறது? இதெல்லாம் நோய் இல்லை, பல வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு கொலைகார டாக்டரின் ஆவி அவளைப் பிடித்திருக்கிறது என்று படம் திரும்பிவிடுகிறது. கடைசியில் பாம்பு போல வாயைப் பிளக்கும் காட்சிதான் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

ரெலிக்கில் ஆவி என்று பெயர் சொல்லி யாரும் வருவதில்லை. எட்னா என்ற பாட்டியைக் காணோம் என்று மகள் கேயும் பேத்தி சாமும் மெல்போர்னிலிருந்து வருகிறார்கள். வீடு முழுக்கச் சின்னச் சின்னக் காகிதத் துண்டுகள். மாத்திரை சாப்பிடு என்று ஒன்று, அதன் பின்னால் போகாதே என்று இன்னொன்று. சுவரில் கறுப்புப் பூஞ்சை. பாட்டி ஒருநாள் காலை தானாகத் திரும்பி வந்து டீ போட்டுக்கொண்டு நிற்கிறாள். எங்கே போயிருந்தாள் என்று கடைசி வரை சொல்வதே இல்லை.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பேய் பிடித்திருக்கிறது என்று சொல்லும் படம் குடும்பத்துக்கு ஒரு கதவைத் திறந்து காட்டுகிறது. அதைத் துரத்திவிட்டால் அம்மா மீண்டும் அம்மாவாகிவிடுவாள் என்ற ஆசையைக் கொடுக்கிறது. டிமென்ஷியா வந்த வீட்டில் துரத்துவதற்கு எதுவும் கிடையாது. நோய் எங்கே முடிகிறது, அம்மா எங்கே தொடங்குகிறாள் என்று பிரித்தெடுக்கவே முடியாது. அந்தப் பயத்தை ஒளிக்காமல் காட்டுகிற படம்தான் நேர்மையானது என்று நான் நினைக்கிறேன். உங்களுக்கு எப்படி?


பேய்ப்பட ரசிகை | இரவு 10.52

நல்ல கேள்வி அண்ணா, ஆனால் டெபோரா லோகனுக்கு நீங்கள் நியாயம் செய்யவில்லை. பேய் என்ற பெயரில்தானே இத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள்? அல்சைமர் பற்றி ஒரு சோகப்படம் என்றால் வார இறுதியில் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? அந்த முதல் பாதியைப் பார்த்துத்தான் எனக்கு இந்த நோய் மறதியோடு நிற்பதில்லை, குணமே மாறிப்போகும், சந்தேகம் வரும், கோபம் வரும் என்று தெரிந்தது. அதுவரை பெயர் மறந்துபோவார்கள், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.

ஷியாமளன் எடுத்த 'தி விசிட்' என்ற திகில் படத்தின் மேல்தான் எனக்குக் கோபம். அவர் நம் பக்கத்து மனிதர், மாஹேயில் பிறந்தவர் என்று ஆசையாகப் பார்த்தேன். இரவு ஒன்பதரைக்கு மேல் அறையை விட்டு வெளியே வராதீர்கள் என்று பேரப்பிள்ளைகளுக்குக் கட்டளை. பாட்டி இருட்டில் தவழ்கிறாள், வாந்தி எடுக்கிறாள், கதவைப் பிறாண்டுகிறாள். சாயங்காலம் ஆனால் இப்படி ஆகிற நோய் அது என்று தாத்தா சமாதானம் சொல்கிறார். தாத்தாவின் டயப்பர்கள் கொட்டகையில் குவிந்து கிடப்பதை அருவருப்புக்காகவே காட்டுகிறார்கள். வயதானவர்களின் உடம்பே பயங்கரம் என்று ஒரு படம் சொன்னால் அதில் எனக்கு உடன்பாடு இல்லை.


முலுண்ட் மருமகள் | இரவு 11.40

மாமியாருக்கு மாத்திரை கொடுத்து, தூங்க வைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். எழுந்தால் பாதியில் போய்விடுவேன்.

நான் டெபோரா லோகன் பக்கம். காரணம் பேய் இல்லை, அந்தக் கேமரா.

எங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யாரும் நம்புவதில்லை. மாமியார் தன் வளையலைத் தலையணை உறைக்குள் வைத்துத் தைத்துவிடுவார். அப்புறம் நான் விற்றுவிட்டதாகக் கீழே வாட்ச்மேனிடம் போய்ச் சொல்வார். பாத்திரம் தேய்க்க வரும் மாவ்ஷியை இரண்டு முறை போலீஸில் கொடுக்கப் போவதாக மிரட்டி, அந்த அம்மா வேலையை விட்டே போய்விட்டார். ராத்திரி அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வார், அதனால் சிலிண்டர் வால்வை மூடிவிட்டுத்தான் தூங்குகிறோம். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் கொழுந்தனார் ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தால் பத்து நிமிஷம் அவ்வளவு தெளிவாகப் பேசுவார். சாப்பிட்டியா, குழந்தை படிக்கிறதா, குளிர் எப்படி. போனை வைத்ததும் யார் அந்தப் பையன் என்று கேட்பார். கொழுந்தனார் என்னிடம், அம்மா நல்லாத்தானே இருக்காங்க அண்ணி, நீங்கதான் டென்ஷன் ஆகறீங்க என்கிறார்.

அந்தப் படத்தில் வீடு முழுக்கக் கேமரா வைத்திருக்கிறார்கள். ராத்திரி அம்மா என்ன செய்கிறாள் என்று மகளோடு சேர்ந்து இன்னும் மூன்று பேர் பார்க்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தபோது பயமே வரவில்லை. இவளுக்குச் சாட்சி இருக்கிறது, கொடுத்து வைத்தவள் என்று அழுகைதான் வந்தது.


கிங்சர்க்கிள்வாசி | இரவு 11.58

அக்கா, அந்தப் படத்தை இந்தக் கண்ணோடு யாரும் பார்த்து எழுதி நான் படித்ததில்லை.


வார்டு டியூட்டி | காலை 6.20

மருத்துவமனையில் முதியோர் பிரிவில் வேலை செய்பவள் என்ற முறையில் சில விஷயம் சொல்கிறேன்.

முலுண்ட் அக்கா சொன்னது மிகச் சாதாரணம். வெளியாள் வரும்போது நோயாளி சிறிது நேரம் தன்னைத் திரட்டிக்கொண்டு நன்றாகப் பேசுவதை டாக்டர்களும் பார்த்திருக்கிறார்கள். பத்து நிமிஷம் ஓபி அறையில் பார்ப்பதை வைத்து முடிவு செய்யக் கூடாது, வீட்டில் இருப்பவரிடம் தனியாகக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லித்தருவார்கள்.

அப்புறம், பேய்ப்படங்கள் பயன்படுத்தும் பல காட்சிகளுக்கு மருத்துவத்தில் பெயர் உண்டு. கூட இருப்பவர் தன் மகள் இல்லை, மகள் வேஷத்தில் வந்த வேறு யாரோ என்று உறுதியாக நம்புவது கேப்கிரா என்ற பிரமை. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தை வேற்றாள் என்று நினைப்பதும் உண்டு. லூயி பாடி டிமென்ஷியா என்ற வகையில் இல்லாத ஆட்கள், குழந்தைகள், பிராணிகள் கண்ணுக்கு அச்சு அசலாகத் தெரியும். ரொம்ப விவரமாகச் சொல்வார்கள், அந்த மூலையில் நீலச் சட்டை போட்ட பையன் உட்கார்ந்திருக்கிறான் என்பார்கள். சாயங்காலம் அதிகமாகும் பதற்றமும் உண்மைதான். உடம்பின் கடிகாரம் குழம்புவது, நாள் முழுவதும் சேர்ந்த களைப்பு, மங்கலான வெளிச்சத்தில் விழும் நிழல் எல்லாம் சேர்ந்து செய்கிற வேலை. அதனால் இருட்டுவதற்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுங்கள் என்று குடும்பத்தாரிடம் சொல்வோம்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இல்லாத ஆட்கள் தெரிகிறார்கள் என்றால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற சில மனநோய் மருந்துகள் நிலைமையை மிக மோசமாக்கிவிடும். இன்னொன்று, இரண்டு மூன்று நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் அது டிமென்ஷியா முற்றியது என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உப்புச்சத்துக் குறைவு, புதிதாகத் தொடங்கிய மாத்திரை எதுவாகவும் இருக்கலாம். பி12 குறைவு, தைராய்டு, மூளைக்கு மேல் ரத்தக் கசிவு இவையும் டிமென்ஷியா மாதிரியே காட்டும், சிகிச்சை உண்டு.


தாராவி 90 அடி ரோடு | காலை 8.05

டாக்டரம்மா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் பாட்டிக்கு இதேதான். செத்துப்போன தாத்தா கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கிறார் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். காத்து கருப்பு அடிச்சிருக்கு, ஊர்ல யாரோ செய்வினை வெச்சுட்டாங்க என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டினார்கள். எங்கோ ஒரு மந்திரவாதியிடம் கூட்டிக்கொண்டு போய் வேப்பிலையால் அடித்தார்கள். தலைமுடியைப் பிடித்து யார் நீ சொல்லு என்று கேட்டபோது பாட்டி பயத்தில் தன் சின்ன வயசுப் பெயரைச் சொன்னது. பேரைச் சொல்லிடுச்சு, இறங்கிடும் என்று எல்லோருக்கும் சந்தோஷம். நான் அப்போது ஸ்கூல் பையன், ஓரமாக நின்று பார்த்தேன். அடி வாங்கிய தோளைத் தடவிக்கொண்டே பாட்டி என்னிடம், அண்ணே வீட்டுக்குப் போலாம் என்றது.

பேய் பிடித்திருக்கிறது என்று காட்டும் படங்கள் அமெரிக்காவில் ஒரு வேலை செய்யும். இங்கே வேறு வேலை செய்யும். நாம் ஏற்கெனவே பேய் என்றுதான் முதலில் நினைக்கிறோம். படமும் ஆமாம் பேய்தான் என்றால் அடி வாங்குவது வயசான பொம்பளைங்கதான். கிங்சர்க்கிள் அண்ணன் சொல்வதுதான் சரி.


பேய்ப்பட ரசிகை | காலை 9.10

தம்பி, உங்கள் பாட்டி கதையைப் படித்து ரொம்ப நேரம் எதுவும் செய்யத் தோன்றவில்லை. நான் நேற்று சொன்னதில் பாதியை இந்த ஊருக்குப் பொருத்திப் பார்க்கவே இல்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன். திகில் வேண்டாம் என்றால் வேறு எப்படிக் காட்டுவது? நம் படங்களில் இந்த நோய் வந்தால் உடனே புல்லாங்குழலும் கண்ணீரும்தான்.


டோம்பிவிலி ஸ்லோ | பிற்பகல் 1.30

அதற்குப் பதில் தி ஃபாதர். 2020 படம், ஃப்ளோரியன் ஜெல்லர் தன் நாடகத்தையே படமாக்கினார். அதை யாரும் திகில் படம் என்று விற்கவில்லை. எனக்கு அதைவிடப் பயங்கரமான படம் கிடையாது. ஃபிளாட்டின் சுவர் நிறம் மாறுகிறது, நாற்காலி இடம் மாறுகிறது, மகள் என்று வேறொரு பெண் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருகிறாள். பார்க்கும் நமக்கே யாரை நம்புவது என்று தெரியாது. ஆன்டனி ஹாப்கின்ஸுக்கு 83 வயதில் ஆஸ்கார் கொடுத்தார்கள். கைக்கடிகாரத்தைத் திருடிவிட்டார்கள் என்று தேடுகிற அந்த ஆளை, முலுண்ட் அக்கா, உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

என் அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இருந்து ரிட்டயர் ஆனவர். சாயங்காலம் ஐந்து அடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, டிபன் பாக்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். வீட்டுக்குப் போகணும், அம்மா காத்துக்கிட்டு இருப்பா. அவர் சொல்லும் வீடு கோவில்பட்டிப் பக்கம், அதை விற்று எத்தனையோ காலம் ஆகிவிட்டது. இதுதான் வீடு என்று முதலில் சண்டை போட்டோம். சண்டை போட்டால் உள்ளே இருந்து கதவைத் தட்டுவார், காப்பாத்துங்க, அடைச்சு வெச்சிருக்காங்க என்று மாடி முழுக்கக் கேட்கிற மாதிரி. நாங்கள்தான் அவருக்குப் பேய். இதை எந்தப் பேய்ப்படமும் எனக்குச் சொல்லவில்லை, தி ஃபாதர் சொன்னது. அதைப் பார்த்த பிறகு சண்டையை விட்டுவிட்டோம். இப்போது நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே இறங்குவேன். ஸ்டேஷன் பக்கம் வரை நடப்போம். கல்யாண் ஃபாஸ்ட் போயிருச்சுப்பா, அடுத்ததுக்கு நேரம் இருக்கு என்பேன். ஒரு கட்டிங் டீ. திரும்பிவிடுவார்.


கிங்சர்க்கிள்வாசி | பிற்பகல் 3.45

டோம்பிவிலி நண்பரே, ரெலிக்கின் வீட்டைப் பற்றி எழுத நினைத்திருந்தேன், நீங்கள் அந்த இடத்துக்கே வந்துவிட்டீர்கள்.

ரெலிக்கில் பேத்தி ஒரு அலமாரிக்குள் போகிறாள். உள்ளே ஒரு நடைபாதை, அதற்குள் இன்னொன்று, கூரை இறங்கிக்கொண்டே வருகிறது, வந்த வழி அடைபடுகிறது. தான் வளர்ந்த வீட்டிலேயே வழி தெரியாமல் போவது எப்படி இருக்கும் என்று அந்தப் பாட்டியின் மூளைக்குள் நம்மைத் தள்ளிவிடுகிறார் இயக்குநர். ஜப்பானில் இருந்த தன் பாட்டிக்கு அல்சைமர் இருந்ததிலிருந்துதான் இந்தக் கதை பிறந்தது என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

நாம் நினைப்போம், அது பெரிய பங்களா, அதனால் தொலையலாம் என்று. எங்கள் மாட்டுங்கா வீடு ஒரு ஹால், ஒரு பெட்ரூம், சமையலறை. நின்ற இடத்திலிருந்தே எல்லாம் தெரியும். அதில்தான் அம்மா பாத்ரூமைத் தேடுகிறாள். நான்கு கதவுகளையும் திறந்து பார்த்துவிட்டு, பூஜை அலமாரியைத் திறந்து அதன் முன்னால் புடவையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். சந்நிதியில் வாசற்படியைக்கூட ஈரக்காலோடு தாண்டாதவள். இதை நான் எழுதுவதே அவளுக்குச் செய்யும் அவமரியாதையோ என்று தோன்றுகிறது. ஆனால் இதை மறைத்து மறைத்துத்தான் எங்கள் வீடுகளில் ஒருவருக்கொருவர் உதவி இல்லாமல் கிடக்கிறோம்.

டாக்டர் மேடம் கண்ணாடியைப் பற்றிச் சொன்னீர்கள். எங்கள் பீரோவில் ஆளுயரக் கண்ணாடி. மதியம் அம்மா அதன் முன் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வாங்கோ, ஏன் நின்னுண்டே இருக்கேள், உள்ளே வாங்கோ என்று உபசாரம் செய்வாள். அந்த மாமி பதிலே சொல்றதில்லடா, கோவமா இருக்கா போலிருக்கு என்று என்னிடம் வருத்தப்படுவாள். ஒருநாள் காபி டம்ளரைக் கண்ணாடிக்கு நீட்டி, எதிரே இருப்பவளும் அதே நேரம் நீட்டினதில் குழம்பி, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மாறி மாறிப் பார்த்தாள். காபி ஆறி ஆடை கட்டும் வரை இரண்டு பேரும் எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது கண்ணாடி மேல் பழைய வேட்டியைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

இதே காட்சியை ஒரு சாதாரணப் பேய்ப்படம் எடுத்தால் கண்ணாடிக்குள் இருப்பவள் சிரிப்பாள். நான் சொல்ல வருவது இதுதான். பயம் அங்கே ஏற்கெனவே இருக்கிறது, அவள் சிரிக்க வேண்டியதே இல்லை.


செம்பூர் மெயில் | மாலை 5.20

தமிழில் பேசினால் 'ஓ காதல் கண்மணி'யை மறக்கக் கூடாது. 2015, மணிரத்னம், நம் மும்பை. லீலா சாம்சன் பாட்டுக்காரப் பவானியாக வருவார், கணவராகப் பிரகாஷ் ராஜ். அவள் மழையில் தொலைந்துபோகும் பகுதி படத்தின் கடைசியில் வருகிறது. 2018இல் '60 வயது மாநிறம்', அதுவும் பிரகாஷ் ராஜ், கன்னடத்தில் அனந்த் நாக் நடித்த 'கோதி பண்ணா சாதாரண மைக்கட்டு' படத்தின் மறுஆக்கம். இந்தியில் அனுபம் கேர் நடித்து 2005இல் வந்த 'மைனே காந்தி கோ நஹீன் மாரா', மலையாளத்தில் அதே வருடம் மோகன்லாலின் 'தன்மாத்ரா'. திகில் பக்கம் யாரும் போகவில்லை. கிட்டத்தட்ட போனது 2024இல் மலையாளத்தில் வந்த 'கிஷ்கிந்தா காண்டம்'.


பேய்ப்பட ரசிகை | மாலை 5.48

கிஷ்கிந்தா காண்டம்! விஜயராகவனின் அப்பு பிள்ளை. மறதி வந்ததை வெளியே காட்டக் கூடாது என்று முறைத்துக்கொண்டே திரியும் ரிட்டயர்டு ராணுவக்காரர். குறிப்பு எழுதி வைப்பது, அதையே எரிப்பது, எரித்ததை மறந்து மீண்டும் முதலிலிருந்து விசாரிப்பது. ஒவ்வொரு முறையும் அந்த உண்மை அவருக்குப் புதிதாகத் தெரிய வரும், மகன் ஒவ்வொரு முறையும் அதைக் கூடவே தாங்க வேண்டும். குடும்பத்தின் மேல் விழும் சுமை எப்படி இருக்கும் என்றால், மகனாக நடித்த ஆசிப் அலியின் முகம்தான் அது.


மூன்றாம் மாடி | இரவு 9.30

நான் டிமென்ஷியா வந்த அம்மாவை ஹோமில், அதாவது முதியோர் இல்லத்தில் சேர்த்தவன். இந்த இழையில் எல்லோரும் வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களாக இருக்கிறீர்கள், அதனால் தயங்கித் தயங்கி எழுதுகிறேன்.

ரெலிக்கின் முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. கேயும் சாமும் தப்பித்து வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். கே திரும்பிப் போய், உருமாறிப் போன அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, தோலை மெல்ல உரித்து எடுத்து, பக்கத்தில் படுத்துக்கொள்கிறாள். எல்லோரும் அதை அன்பு என்று எழுதுகிறார்கள். அதே படத்தில் கே மெல்போர்னில் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்க்கிறாள், அந்த இடத்தை எவ்வளவு வெறுமையாகக் காட்டுகிறார்கள்! நல்ல மகள் என்றால் தோலை உரித்துக்கொண்டாவது வீட்டிலேயே கிடக்க வேண்டும் என்றுதானே படம் சொல்கிறது? நான் இரண்டு ஷிஃப்டுக்கு, ஆள் அனுப்பும் ப்யூரோவிலிருந்து ஆயா வைத்துப் பார்த்தேன். மனைவிக்கு முதுகுத் தண்டில் பிரச்சினை வந்தது, குழந்தை ராத்திரி சத்தத்தில் தூங்காமல் ஸ்கூலில் தூங்கியது. சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது. இன்று அம்மா அங்கே நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், நான் போனால் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறேன். வீட்டில் இருந்தபோது நான் அவளோடு அப்படி உட்கார்ந்ததே இல்லை, ஓடிக்கொண்டே இருந்தேன்.

ஹோமை வைத்து வந்த படம் என்றால் 2024இன் 'தி ரூல் ஆஃப் ஜென்னி பென்'. நியூசிலாந்துப் படம். ஜான் லித்கோ ஒரு பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு மற்ற முதியவர்களைச் சித்திரவதை செய்கிறார். ஸ்ட்ரோக் வந்த ஒரு நீதிபதி, ஜெஃப்ரி ரஷ், புகார் சொன்னால் யாரும் காதில் வாங்குவதில்லை. பார்த்த அன்று உடனே அம்மாவைப் போய்ப் பார்த்தேன். கையில் ஏதாவது காயம் இருக்கிறதா என்று தேடினேன். எதுவும் இல்லை. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.


முலுண்ட் மருமகள் | இரவு 11.55

மூன்றாம் மாடி அண்ணா, நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை. நானும் ஹோம் நம்பர்களை எழுதித்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.


கிங்சர்க்கிள்வாசி | அதிகாலை 12.30

மூன்றாம் மாடி சொன்னதை நாள் முழுவதும் யோசிக்கலாம். ஒன்று மட்டும் பதிலாகச் சொல்கிறேன். அந்தப் படத்தில் தோட்டத்துக் குடிசையில் தனியாகக் கிடந்து செத்துப்போன கொள்ளுத்தாத்தா ஒருவர் இருக்கிறார், கேயின் கனவில் வந்துகொண்டே இருப்பார். மனசு பேதலித்துப்போன அவரைக் குடும்பம் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் குடிசையின் ஜன்னல் கண்ணாடியைத்தான் இந்த வீட்டு வாசலில் பொருத்தியிருக்கிறார்கள். கே ஓடிப்போகாததற்குக் காரணம் அந்தத் தாத்தா என்று எனக்குப் படுகிறது. கைவிடக் கூடாது என்கிறது படம். எந்தக் கூரையின் கீழே என்று அது சொல்லவில்லை. நீங்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவது கே படுத்துக்கொண்டதற்குக் குறைந்ததில்லை.


தாராவி 90 அடி ரோடு | காலை 7.50

கடைசி ஷாட்டைப் பற்றி யாரும் பேசவில்லையே. கேயின் முதுகில் பேத்தி அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்க்கிறாள். எனக்கு அதற்குப் பிறகு தூக்கம் வரவில்லை. பாட்டிக்கு வந்தது, இப்போது அப்பாவும் சாவியை மறக்கிறார். டாக்டரம்மா, இது வம்சத்தில் வருமா?


வார்டு டியூட்டி | காலை 11.15

தம்பி, சினிமாவின் கறுப்புப் புள்ளி மாதிரி நேராக இறங்கி வருவது மிக அரிது. ஒரே மரபணுக் கோளாறால் சின்ன வயதிலேயே வரும் குடும்பங்கள் உண்டு, அவை மொத்தத்தில் மிகக் குறைவு. அம்மா அப்பாவுக்கு இருந்தால் அபாயம் ஓரளவு கூடும், கட்டாயம் வரும் என்று இல்லை. 2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு வெளியிட்ட அறிக்கை, மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைச் சொல்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகை, காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, தனிமை, படிப்பு இல்லாமை எல்லாம் அதில் வரும். அவற்றைச் சரிசெய்தால் உலகத்தில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு இருக்கிறது என்பது கணக்கு. அப்பா சாவியை மறந்தால் பரவாயில்லை. சாவி எதற்கு என்று மறந்தால் உடனே கூட்டிக்கொண்டு வாருங்கள். காதுக்கு மெஷின் தேவையா என்றும் பாருங்கள், அதை யாரும் கவனிப்பதே இல்லை.

இந்தியாவில் 60 வயதுக்கு மேல் 7.4 சதவீதம் பேருக்கு, ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான ஆய்வு சொல்கிறது. அதனால் இந்த இழையில் பேசுகிற யாரும் தனியாள் இல்லை. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. ஏஆர்டிஎஸ்ஐ என்ற அல்சைமர் சங்கம் 1992இல் கேரளத்தில் தொடங்கியது, பார்த்துக்கொள்பவர்களுக்கான கூட்டங்களைப் பல ஊர்களில் நடத்துகிறார்கள். முலுண்ட் அக்கா, விசாரித்துப் பாருங்கள்.


முலுண்ட் மருமகள் | இரவு 11.20

நன்றி மேடம். இப்போது என் கேள்வி. கொழுந்தனார் சனிக்கிழமை வருகிறார், பத்து நாள் இருப்பார். அவருக்கு நிலைமை புரிய வேண்டும். எந்தப் படத்தைக் காட்டட்டும்? மாமியாரை மொபைலில் வீடியோ எடுத்து அனுப்பலாமா என்றும் பலமுறை யோசித்திருக்கிறேன். புடவை நழுவிக் கிடக்கும்போது, என்னைத் திட்டும்போது. எடுக்கக் கை வரவில்லை.


பேய்ப்பட ரசிகை | இரவு 11.34

தி ஃபாதர் காட்டுங்கள். அவர் அம்மா எப்படி உணர்கிறார் என்று புரியும்.


டோம்பிவிலி ஸ்லோ | இரவு 11.41

இல்லை, அதில் மகள் படும் பாடு ஓரமாகத்தான் வரும். மருமகள் படும் பாடு எந்தப் படத்திலும் வரவில்லை, அதுவேறு. காஸ்பர் நோயேவின் 'வோர்டெக்ஸ்' பாருங்கள், 2021. திரையை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் நோய் வந்த மனைவி, மறுபக்கம் கணவன். அவள் முன்னாள் மனநல மருத்துவர், தனக்குத் தானே மருந்துச் சீட்டு எழுதிக்கொள்கிறாள். கணவனாக நடித்தவர் டாரியோ அர்ஜென்டோ, இத்தாலியின் திகில் பட மேதை. அவர் அந்தப் புத்தகம் அடைந்த ஃபிளாட்டில் ஒன்றும் செய்ய முடியாமல் நிற்பதைப் பார்க்க வேண்டும். மகன் அவ்வப்போது வந்து பேசிவிட்டுப் போவான். உங்கள் கொழுந்தனாருக்கு அந்த மகனைத் தெரியும்.


கிங்சர்க்கிள்வாசி | இரவு 11.59

அக்கா, வீடியோ எடுக்கக் கை வரவில்லை என்றீர்களே, அந்தக் கைதான் சரி. டெபோரா லோகனில் எனக்கு உறுத்தும் இன்னொரு இடம் அது. தன் நிலையைப் படமெடுப்பதில் அந்த அம்மாவுக்குத் தொடக்கத்தில் விருப்பமே இல்லை, பணத்துக்காக ஒத்துக்கொள்கிறாள். நம் அம்மாக்களிடம் கேட்கவே முடியாது, கேட்டாலும் அடுத்த நிமிஷம் மறந்துவிடுவார்கள். டாக்டருக்குக் காட்ட ஒன்றிரண்டு எடுப்பது வேறு, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவது வேறு.

என் யோசனை: படத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வந்த இரண்டாம் நாள் ராத்திரி அம்மாவின் அறையில் அவர் படுக்கட்டும். நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் முலுண்டிலேயே யாராவது சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுங்கள். சிலிண்டர் வால்வு எங்கே, டயப்பர் எங்கே, மாத்திரை எப்போது என்று எழுதி வைத்துவிட்டுப் போங்கள். அதற்கு அடுத்த நாள் ரெலிக் போட்டுக் காட்டுங்கள். அந்தக் காகிதத் துண்டுகளைப் பார்த்ததும் அவருக்குத் தானாகப் புரியும்.


வார்டு டியூட்டி | காலை 6.05

ஒரு சின்னத் திருத்தம். புது ஆள் திடீரென்று ராத்திரி அறையில் இருந்தால் பாட்டி பயந்துவிடுவார், மகனை அடையாளம் தெரியாமல் போகலாம். முதல் இரண்டு மூன்று நாள் பகலில் அவர் கையால் சாப்பாடு கொடுத்துப் பழகட்டும், அப்புறம் ராத்திரி. முதல் ராத்திரி நீங்கள் பக்கத்து அறையிலோ கூப்பிடு தூரத்திலோ இருங்கள். மாமியார் எப்படியும் அவரைத்தான் வளையல் திருடினவன் என்பார், அவர் மறுத்துப் பேசாமல் கூடச் சேர்ந்து தேடினால் போதும் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

படத்தை ஹாலில் போடாதீர்கள். டிவியில் வரும் ஆட்கள் வீட்டுக்குள் வந்துவிட்டார்கள் என்று நினைக்கும் நோயாளிகள் நிறைய. சாயங்காலத்துக்கு மேல் அலறல் சத்தம் கேட்டால் அந்த ராத்திரி யாருக்கும் தூக்கம் இல்லை.


முலுண்ட் மருமகள் | காலை 6.40

சரி மேடம். மொபைலில் ஹெட்போன் போட்டு, பகலில், மாடிப்படியில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். ராத்திரி டியூட்டி புதன்கிழமை என்று காலண்டரில் எழுதிவிட்டேன். என் நாத்தனார் வீடு அடுத்த பில்டிங்தான், அங்கே போய்ப் படுத்துக்கொள்கிறேன். போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன்.